மண்டபத்துக்கு வெளியே கேட்ட பெயர்கள்

அன்று நடந்தவை, நடந்த ஒழுங்கில்:

1. மண்டப வாசலில் பெயர் பதிந்து, ஒரு கோப்பு மட்டையும் ஒரு பேனையும் தந்தார்கள். பேனை எழுதவில்லை.

2. விளக்கேற்றினார்கள். வாவிக் காற்று ஒரு திரியை மட்டும் திரும்பத் திரும்ப அணைத்தது.

3. மேடையில் இருந்த எல்லோரும் பேசினார்கள்.

4. மேடையில் இருந்த எல்லோருக்கும் பொன்னாடை போர்த்தினார்கள்.

5. சோற்றுப் பார்சல் தந்தார்கள்.

6. இளம் எழுத்தாளர் அரங்கில் என் கதையை வாசித்தேன்.

7. வாசிக்கும்போது, கதையில் மாற்றி எழுதியிருந்த ஒரு பெயரை விட்டுவிட்டு உண்மையான பெயரைச் சொன்னேன்.

8. அது கேட்டதா என்று அறிய, மண்டபத்துக்குப் பின்புறம் மீன் விற்கும் பெண்கள் இருக்கிற இடத்துக்குப் போனேன்.

சென்ற கிழமை இந்தத் தொடரில், தொழில்நுட்பக் கல்லூரியில் வரைபடம் வரையப் படித்ததையும், நகரத்து நீர்ப்பாசனக் கந்தோரில் வேலைக்குச் சேர்ந்ததையும் எழுதியிருந்தேன். இது அதற்கு அடுத்த வருடமாக இருக்கலாம், இல்லாவிட்டால் அதற்கும் அடுத்தது. சண்டை சற்று ஓய்ந்து, வீதிகள் திறப்பதும் பூட்டுவதுமாக இருந்த காலம். அப்படி வீதி திறந்திருந்த ஒரு மாதத்தில்தான் எழுத்தாளர் ஒன்றுகூடல் வைத்தார்கள்.

நேசன்

அவனை இங்கே நேசன் என்று எழுதுகிறேன். உண்மைப் பெயர் வேறு. இந்த வார இதழின் ஆசிரியர் அப்படித்தான் கேட்டுக்கொண்டார். நானும் சம்மதித்தேன்.

எங்கள் பக்கத்து வளவுப் பாக்கியம் மாமியின் ஒரே மகன். எனக்கு மச்சான் முறை. எங்கள் ஊரில் என் வயதுப் பொடியன்களில் பாதிப்பேர் எனக்கு அந்த முறைதான், ஆனபடியால் அதில் ஒன்றும் இல்லை என்று அப்போது கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான் படித்த அதே கல்லூரியில் அவன் இயந்திரம் திருத்தப் படித்தான். தண்ணீர்ப் பம்பு, உழவு மெசின், ஜெனரேற்றர் எதுவானாலும் கழற்றுவதற்கு முன் கொஞ்ச நேரம் நின்று சத்தத்தைக் கேட்பான். பக்கத்தில் யாராவது கதைத்தால் கையைக் காட்டி நிறுத்துவான்.

என் முதல் கதையை முதலில் வாசித்ததும் அவன்தான். கையெல்லாம் கிறீஸ் என்பதால் தாளைத் தொடாமல், நான் ஒவ்வொரு பக்கமாகப் பிடித்துக் காட்ட, குனிந்து நின்று வாசித்தான். வாசித்து முடித்துச் சொன்னது இதுதான்:

"இதில வாற பம்பு இப்பிடித் தொடங்காது. முதல்ல குழாய்க்குள்ள தண்ணி ஊத்தோணும்."

"கதை எப்படி?"

"அதத்தான் சொல்லுறன். தண்ணி ஊத்தாம எப்பிடிக் கதை ஓடும்?"

தண்ணீர் ஊற்றுவதை எழுதிச் சேர்த்தேன்.

அவனைக் கொண்டுபோனது ஒரு காலை. வயல் வட்டைக்குப் பம்பு திருத்தப் போகிற வழியில் ஒரு வேன் வந்து நின்றது. வயலில் நின்றவர்கள் தூரத்திலிருந்து கண்டார்கள். சைக்கிளும் திருகுசாவிகள் வைக்கிற பையும் வாய்க்கால் ஓரத்தில் கிடந்தன. யார் என்று கேட்டால் ஒருவர் சொன்னதை மற்றவர் சொல்லவில்லை. அந்த நாட்களில் எங்கள் பகுதியில் துவக்கு வைத்திருந்தவர்கள் ஒரு கூட்டம் மட்டும் அல்ல.

மாமி எல்லா இடமும் ஏறி இறங்கினார். எல்லா இடத்திலும் ஒரே பதில்: "எங்களிட்ட இல்ல."

செத்தவனுக்குச் செய்கிறதை அவனுக்குச் செய்ய முடியாது. உயிரோடு இருப்பவனுக்குச் செய்கிறதையும் செய்ய முடியாது. கோயிலில் அர்ச்சனை மட்டும் செய்விப்பார். ஐயர் பெயரையும் நட்சத்திரத்தையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுத் தீபத்தைத் தூக்குவார். அவனுடைய பெயர் வெளியில் சத்தமாகச் சொல்லப்பட்டது அந்த ஒரு இடத்தில்தான். ஊரில் எல்லோரும் "பாக்கியத்தின்ர மகன்" என்று குரலைத் தாழ்த்திக்கொள்ளப் பழகிவிட்டார்கள்.

கிரானில் இருந்து வந்த செய்தி

அதற்குப் பிறகு சில மாதங்கள் கழித்து, பிடித்துவைத்திருந்த ஒருவரைக் கிரான் பக்கத்தில் விட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டோம். மாமி என்னையும் கூட்டிக்கொண்டு அவரைப் பார்க்கப் போனார். நடுத்தர வயதுக்காரர். வாசற்கதவுக்கு முதுகைக் காட்டி இருக்கமாட்டார். நாங்கள் கதைத்து முடிக்குமட்டும் கதவைப் பார்த்தபடியே இருந்தார்.

நகரத்தில் விழா மண்டபத்துக்குப் பின்னால், வாவிக் கரையோரமாக, மதில் உயர்ந்த ஒரு வீட்டில் தன்னை வைத்திருந்ததாகச் சொன்னார். யன்னல்கள் எல்லாம் பலகை அடித்தவை. அடுத்த அறையில் ஒரு பொடியன் இருந்தான். முகம் காணவில்லை.

"ஜெனரேற்றர் நிண்டா அவனக் கூட்டிப்போவாங்க. கொஞ்ச நேரத்தால அது ஓடும். மறுகா அவனக் கொண்டுவந்து பூட்டுவாங்க."

மாமி என் கையைப் பிடித்தார். "பேர் என்னெண்டு தெரியாதா தம்பி?"

"உள்ளுக்கு ஆருக்கும் பேர் இல்லக்கா. என்னயக் கிரான் எண்டுதான் கூப்பிட்டாங்க."

"வேற ஏதும்?"

அவர் யோசித்தார். "வெளிச் சத்தம் ஒண்டும் வராது. மண்டபத்துல விழா நடந்து மைக் போட்டா மட்டும் நல்லாக் கேக்கும். அதுக்காகக் காத்துக்கொண்டு இரிப்பம். ஆர் என்ன கதைச்சாலும் கேப்பம்."

திரும்பி வரும்போது பஸ்சில் மாமியிடம், ஜெனரேற்றர் திருத்தத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

விதிகள்

ஒன்றுகூடலுக்கு என் கதையை எடுத்துக்கொண்டார்கள் என்ற தகவல் கந்தோருக்கு வந்த அன்று, வாய்க்கால் ஒன்றின் குறுக்குவெட்டைத் தலைகீழாக வரைந்து ஓவசியரிடம் பேச்சு வாங்கினேன். அவ்வளவு சந்தோசம். அதுவரை ஒரு சிற்றிதழில் இரண்டு கதைகள் வந்திருந்தன. அந்த இதழ் அத்தோடு நின்றுபோனது. இப்போது மண்டபத்தில் வாசிக்கிற கதைகளை எல்லாம் சேர்த்து ஒரு தொகுப்பு போடுவதாக இருந்தார்கள். அட்டை போட்ட, நூலகத்தில் வைக்கிற புத்தகம்.

செயலாளர் ஓய்வுபெற்ற ஆசிரியர். எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். முன்கூட்டியே எல்லாக் கதைகளையும் வாங்கி வாசித்தார். என்னுடையதை வாசித்துவிட்டுக் கூப்பிட்டனுப்பினார்.

"நல்லா எழுதியிருக்காய். ஆள்ப் பேர் உண்மையான பேரா?"

"ஓம் சேர்."

"மாத்து. ஊர்ப் பேரும் வேணாம். முகாம், இயக்கம் ஒண்டும் வேணாம். எல்லாருக்கும் இதத்தான் சொல்லியிருக்கன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கூட்டம் முடிய எல்லாரும் உயிரோட வீட்ட போகோணும் புள்ள. எனக்கு இலக்கியம் அவ்வளவுதான்."

அவர் கோழை இல்லை. அந்தக் காலத்தில் ஒரு மண்டபத்தைக் கேட்டு வாங்கி, கதிரை போட்டு, எழுதுகிறவர்களை ஓரிடத்தில் கூட்டுவதற்கே எத்தனை வாசலில் நிற்கவேண்டியிருந்தது என்று எனக்குத் தெரியும். அவனுடைய பெயரைக் குமார் என்று மாற்றினேன். எங்கள் தொழிலில் பெயர் இல்லாத வரைபடத்தை வேலைத்தளத்துக்கு அனுப்பமாட்டார்கள். தாளின் வலது கீழ் மூலையில் இன்ன இடம், இன்ன வாய்க்கால் என்று எழுதியே ஆகவேண்டும். கதை வேறு தொழில் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த வார இறுதியில் ஊருக்குப் போனபோது மாமிக்குக் கதையை வாசித்துக் காட்டினேன். கீரைக் கட்டுகளுக்கு வாழைநார் கட்டிக்கொண்டே கேட்டார். முடிந்ததும், "அது ஆருகா குமார்?" என்றார்.

"நேசன்தான் மாமி. பேரை மாத்தச் சொன்னாங்க."

"மைக்கில வாசிப்பியா?"

"ஓம்."

"அந்த மண்டபத்துலயா?"

"ஓம் மாமி."

அவர் நாரைக் கீழே வைத்தார். "குமார் எண்டு வாசிச்சா அவனுக்கு எப்பிடி விளங்கும்?"

அதுவரை எனக்கு அந்த யோசனையே வரவில்லை. மாமிக்கு அது கிரானிலிருந்து வந்த அன்றே வந்திருக்கவேண்டும்.

"பேர் சொன்னா அவனுக்கு ஏதும் செய்துபோடுவாங்களோ எண்டு பயமா இருக்கு மாமி."

"ஆரும் தேடாத ஆளுக்குத்தான் ஏதும் செய்வாங்க." பிறகு, "அது அவன் இல்லாட்டியும் பரவாயில்ல. உள்ளுக்கு இருக்கிற பொடியன் ஆரோ, அவன் கேட்டு இன்னொருத்தனுக்குச் சொல்லுவான்" என்றார்.

"என்னயத் தொகுப்பில இருந்து எடுத்துப்போடுவாங்க."

அப்படிச் சொன்னதை இப்போது நினைத்தால் எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது. மாமி என்னைக் கோபிக்கவில்லை. தொகுப்பு என்றால் என்னவென்று கேட்டார். விளங்கப்படுத்தினேன். "அது நல்ல விசயம்தான்" என்று சொல்லிவிட்டு, மறுபடி நாரை எடுத்தார்.

கதா

திங்கட்கிழமை நகரத்துக்குத் திரும்பும்போது கதை என் பையில் இருந்தது. எங்கள் கரையிலிருந்து வாவியைக் கடக்க 'பாதை'யில் ஏறவேண்டும். வண்டி, மாடு, மனிதர் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வருகிற அகலமான மிதவை அது. ஏறினால் ஒரு பக்கத்தாரின் கேள்வி, இறங்கினால் மற்றப் பக்கத்தாரின் கேள்வி.

வரைபடம் கொண்டுபோவதுதான் கூடக் கரைச்சல். ஒரு மதகைக் கோடு போட்டுக் காட்டினாலும் அவர்களுக்கு அது வேறொன்றாகத் தெரியும். அதற்குக் கந்தோர்க் கடிதம் வைத்திருந்தேன். கதைக்குக் கடிதம் இல்லை.

சிப்பாய் தாள்களைப் புரட்டினான். என்னைவிட வயது குறைந்தவன். இது என்ன என்று கையால் கேட்டான்.

"கதா" என்றேன். அந்தச் சொல் சிங்களத்திலும் உண்டு, அவர்களுக்கும் விளங்கும்.

அவன் என்னையும் தாளையும் மாறிமாறிப் பார்த்தான். கடைசிப் பக்கத்தை எடுத்து முதற்பக்கத்துக்கு மேல் வைத்துத் திருப்பித் தந்தான். தன் ஆட்களைப் பார்த்து ஏதோ சொன்னான், அவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அங்கே அதுதான் வழக்கம்.

பாதை கரை தட்டுவதற்கு முன்பே முடிவெடுத்துவிட்டிருந்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் குமார் வரும் இடத்தில், வெளியே தெரியாதபடி பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டேன். தாளைத் திருத்தவில்லை. பார்த்தால் மாஸ்டர் வாசித்த அதே கதைதான்.

மேடை

அன்று காலை மாமி முதலாவது பாதையிலேயே வந்துவிட்டார். தலையில் கீரைக் கூடை. மண்டபத்துக்குள் வரச் சொன்னேன்.

"உள்ளுக்குக் கேட்டு நான் என்ன செய்ய? அந்த வீட்டு மதிலுக்கு நேர மீன்காரப் பொம்புளையள் இருக்காங்க. அவங்களோட இருக்கன். அதில கேட்டா அவனுக்கும் கேக்கும்." நடந்தவர் திரும்பிப் பார்த்தார். "எப்ப உன்ர முறை?"

"மத்தியானத்துக்கு முதல்."

நிகழ்ச்சிநிரலில் அப்படித்தான் இருந்தது. கூரை முகட்டில் இரண்டு குழாய் ஒலிபெருக்கிகள் கட்டியிருந்தார்கள். ஒன்று வீதிப் பக்கம், மற்றது வாவிப் பக்கம். ஏறாவூரிலிருந்து வந்த முஸ்லிம் அண்ணர் ஒருவர் மேடையின் ஓரத்தில் ஒலிபெருக்கிப் பெட்டிக்கு முன்னால் இருந்தார்; அவர்கள் வழக்கப்படி எல்லோரும் அவரைக் காக்கா என்று கூப்பிட்டார்கள். ஒவ்வொரு சொல்லும் வெளியே போய், எங்கோ சுவரில் பட்டு, கொஞ்சம் பிந்தித் திரும்பி வந்தது. வாவிப் பக்கக் குழாய் நன்றாக வேலை செய்கிறது என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

பிறகு பேச்சுகள்.

எங்கள் கூட்டங்களுக்குப் போகாதவர்களுக்கு இதைச் சொல்லவேண்டும். மேடையில் பேசுகிற ஒவ்வொருவரும், முதலில் மேடையில் இருக்கிற மற்ற எல்லோரையும் பட்டத்தோடும் பதவியோடும் பெயர் சொல்லி அழைக்கவேண்டும். ஒருவரை விட்டால் அது காலத்துக்கும் நிற்கிற மனக்கசப்பு. வரவேற்புரைக்காரர் எல்லோரையும் அழைத்தார். ஆசியுரைக்காரர் எல்லோரையும் அழைத்தார். தலைவர் ஒருவரை மறந்து, உட்கார்ந்த பிறகு ஞாபகம் வந்து, எழுந்துபோய் அவரை மட்டும் தனியாக அழைத்தார். அதற்குக் கைதட்டல்.

எனக்குப் பக்கத்தில் இருந்தவர் கதிரவெளிக்காரர். கடற்தொழில், கவிதையும் எழுதுவார். வீதியை நம்பாமல் இரண்டு நாளைக்கு முன்பே புறப்பட்டு வந்திருந்தார். என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார்:

"கடலுக்குப் போகக்கொள்ள நாங்க இவ்வளவு பேரக் கும்பிட்டுத் தோணி தள்ளுறல்ல தங்கச்சி."

"உங்கட முறை எப்ப?"

"உங்களுக்கு முதல். எனக்கு என்ன, கவிதை. ஏறின கையோட இறங்கிருவன்." மேடையை எண்ணிப் பார்ப்பதுபோல் பார்த்தார். "இன்னும் பொன்னாடை கிடக்கு. மேல இரிக்கிறாக்கள் கீழ இரிக்கிறாக்களவிடக் கூட."

பொன்னாடைக்கு முன், கடைசிப் பேச்சு மிஞ்சியிருக்கும்போது மாஸ்டரிடம் போனேன். ஊரிலிருந்து மாமி ஒருவர் வந்திருக்கிறார், பாதை நிற்பதற்குள் திரும்பவேண்டும், என்னை முன்னால் விடமுடியுமா என்று கேட்டேன். அவருக்கு வியர்த்துக் கொட்டியிருந்தது.

"பிரதம விருந்தினர் இப்ப பேசோணும் புள்ள. அவர் போகோணும். உன்ன முதல் ஆளா விடுறன். சாப்பாட்டுக்குப் பிறகு முதல் ஆள் நீதான்."

கதிரவெளிக்காரர் தன் முறையையும் எனக்குத் தந்தார். "நான் கடைசியிலும் வாசிப்பன். ஒரே கடல்தானே."

பிரதம விருந்தினர் மேடையில் இருந்த எல்லோரையும் அழைத்துவிட்டு, இலக்கியத்துக்கும் சமாதானத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றிப் பேசினார். எங்கள் அரங்குக்கு ஒதுக்கிய நேரம் அதற்குள் முடிந்தது.

பார்சலைப் பிரித்தேன். பருப்பும் ஒரு துண்டு மீனும். சாப்பிட முடியவில்லை. வெளியே போய் மாமியைப் பார்த்துவரலாம் என்று எழும்பினேன், அதற்குள் மாஸ்டர் கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

வாசித்தது

சாப்பாட்டுக்குப் பிறகு பாதிக் கதிரைகள் வெறுமை. மேடையில் இருந்தவர்களில் அநேகர் போய்விட்டார்கள். விமர்சகர் ஒருவரும் மாஸ்டரும் மிஞ்சினார்கள்.

முதல் வசனத்தில் பெயர் இல்லை. இரண்டாவதில் இருந்தது. பென்சில் புள்ளிக்கு வந்ததும் நின்றேன். அவனுடைய பெயரைச் சொன்னேன். தகப்பன் பெயரோடும் ஊரோடும் சொன்னேன்.

மாஸ்டர் தலையை நிமிர்த்தினார். என்னைப் பார்க்கவில்லை, வாசற்கதவைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. என்னை நிறுத்தவும் இல்லை.

அடுத்த புள்ளியில் சத்தத்தைக் கூட்டினேன். கதை வாசிக்கிற குரலை விட்டுவிட்டு, துறையில் நின்று அக்கரையில் நிற்கிற பாதைக்காரரைக் கூப்பிடுகிற குரலில் சொன்னேன். முன்வரிசையில் ஒருவர் காதைத் தடவினார். பம்புக்குத் தண்ணீர் ஊற்றுகிற இடத்தில், கதையில் இல்லாத ஒரு வசனத்தையும் சேர்த்தேன்: உன்ர அம்மா தேடுறா.

காலையில் சொற்கள் திரும்பி வந்ததுபோல் இப்போது வரவில்லை என்பதைக் கவனித்தேன். கூட்டம் குறைந்ததால் மண்டபத்தின் சத்தம் மாறியிருக்கிறது என்று காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன். படித்தவளுக்கு எதற்கும் ஒரு காரணம் கிடைத்துவிடும்.

முடிந்ததும் சிலர் கைதட்டினார்கள். விமர்சகர் எழுந்தார். நடை தெளிவாக இருக்கிறது, இயந்திரங்களைப் பற்றிய விபரம் புதிது என்றார்.

"ஒரேயொரு குறை. கதாநாயகனின் பெயரை இவ்வளவு தடவை சொல்லத் தேவையில்லை. அவன் என்று எழுதினாலே வாசகருக்கு விளங்கும்."

நன்றி சொன்னேன்.

மாஸ்டர் மேடைப் படியில் காத்திருந்தார். "என்ன புள்ள செய்தாய்" என்றார். கேள்வியாக இல்லை. பிறகு, "தொகுப்பில இனிப் போட ஒண்ணாது" என்றார். "தெரியும் சேர்" என்றேன்.

கதிரவெளிக்காரர் பகிடி ஒன்றும் விடவில்லை. நான் கடந்து போகும்போது எழுந்து நின்று வழிவிட்டார்.

மதிலுக்கு நேரே

மண்டபத்தைச் சுற்றிக்கொண்டு வாவிக் கரைக்கு ஓடினேன். மீன்காரப் பெண்கள் பலகைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். மாமி கூடையைக் கவிழ்த்துவைத்து அதன்மேல் கையை ஊன்றிக்கொண்டு, மதிலையே பார்த்தபடி இருந்தார். மதிலுக்குள்ளிருந்து ஜெனரேற்றர் சத்தம் வந்துகொண்டிருந்தது. நேசன் கேட்டிருந்தால் எங்கே பிழை என்று சொல்லியிருப்பான். எனக்கு அது எல்லா ஜெனரேற்றரையும் போல்தான் கேட்டது.

என்னைக் கண்டதும் மாமி எழும்பினார்.

"இன்னும் உன்னக் கூப்பிடல்லயா மகள்?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. "வாசிச்சிட்டன் மாமி. பேரோட வாசிச்சன்."

"எப்ப?"

"இப்பதான்."

மாமி மண்டபக் கூரையைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"மத்தியானத்தோட சத்தம் நிண்டுபோச்சே. கரண்ட் இல்லயாக்கும் எண்டு இருந்தன்." குரலில் கோபம் இல்லை. எனக்கு நடந்ததை எடுத்துச் சொல்வதுபோல் சொன்னார். "காலையில எத்தின பேருர பேரச் சொன்னாங்க மகள். ஒவ்வொரு ஆளும் சொன்னாங்க. இதில இருந்து எல்லாத்தையும் கேட்டன். தெளிவாக் கேட்டிச்சு."

பலகை கழுவிக்கொண்டிருந்த ஒருத்தி, "ஓம்கா, எனக்கே அந்தப் பேரெல்லாம் பாடம்" என்றாள். மாமி அவளைப் பார்த்துத் தலையாட்டினார்.

நான் மண்டபத்துக்குத் திரும்பினேன். கதிரவெளிக்காரர் மேடையில் வாசித்துக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கிக் காக்காவிடம் போய் வெளிக் குழாய்கள் என்னவாயின என்று கேட்டேன்.

"அது கழட்டித்தானே ஈக்கி தங்கச்சி. பன்னெண்டு மணிக்கு மேல வெளியில சத்தம் கேக்கப்படாதெண்டு செல்லித்தான் பொலிஸ்ல பாஸ் தந்த. உள்பெட்டி மட்டுந்தான் இப்ப."

"ஒரு நிமிசம் போட ஏலாதா காக்கா? ஒரேயொரு பேர் சொல்லோணும்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பெட்டியின் ஒரு பொத்தானைத் தேவையில்லாமல் தொட்டுவிட்டுக் கையை எடுத்தார்.

"போட்டா இந்தச் சாமான் முழுக்கக் கொண்டுபோயிருவாங்க. என்னையும் சேத்து." பிறகு, குரலைத் தாழ்த்தி, "ஆர் புள்ள?"

சொன்னேன்.

அவர் கழற்றி வைத்திருந்த வயரைக் கையில் எடுத்தார்.

"விடிய மைக் சரியா எண்டு பாக்கக்குள்ள நான் வாயில வாற பேரெல்லாம் செல்லுறதானே. பொண்டாட்டிர பேர், புள்ளயள்ர பேர், கடக்காரண்ட பேர். ஒரு சொல்லு செல்லியிருந்தீங்கெண்டா உங்கட ஆள்ர பேரையும் செல்லியிருப்பன். ஆரும் ஒண்டும் கேட்டிருக்க மாட்டாங்க."

இப்போது

மாமி கடைசிப் பாதையைப் பிடித்துவிட்டார். துறைவரை கூடப் போனேன். அவர் என்னைத் தேற்றவும் இல்லை, குறைசொல்லவும் இல்லை. கீரை முழுவதும் விற்றுவிட்டதாகச் சொன்னார்.

சண்டை மறுபடி தொடங்கியபோது அந்த வீட்டில் இருந்தவர்கள் போய்விட்டார்கள். எங்கே போனார்கள், யாரைக் கூட்டிப்போனார்கள் என்று தெரியாது. கொஞ்சக் காலம் வீடு பூட்டிக் கிடந்தது. இப்போது வாடகைக்கு விட்டிருக்கிறார்கள், யன்னல்களில் பலகை இல்லை. மாமி ஒருமுறை போய் அறைகளைப் பார்க்கக் கேட்டார். வீட்டுக்காரர் உள்ளே விட்டார். அறைகளுக்கு வெள்ளையடித்திருந்தது.

தொகுப்பு வெளிவந்தது. என் கதை அதில் இல்லை. கதிரவெளிக்காரரின் கவிதை இருக்கிறது. மாஸ்டர் வீதியில் கண்டால் சைக்கிளை நிறுத்தி, எழுதுகிறாயா என்று கேட்பார். எழுதுகிறேன் என்பேன். அதற்குப் பிறகு ஒன்றுகூடல் ஒன்றும் வைக்கவில்லை.

நான் அதே கந்தோரில் வரைகிறேன். கூட்டங்களுக்குப் போனால், உட்காருவதற்கு முன் வெளியே ஒரு சுற்றுப் போய், சத்தம் எதுவரை கேட்கிறது என்று பார்த்துவிட்டு வருகிறேன்.

மாமி ஊரில்தான் இருக்கிறார். நேசனைப் பற்றி இதை எழுதும் நாள்வரை ஒரு செய்தியும் இல்லை.